ஆறில்லாத ஊருக்கு ஆறு கேட்ட ஆறுமுகம்

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற பேச்சு வரட்சிக் காலத்தில் ஒருமுறையும் தேர்தல் காலத்தில் ஒருமுறையும் எழும்பும். பிறகு அடங்கிவிடும். ஆறுமுகம் திட்டம் என்று அதன் பெயரைச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த ஆறுமுகம் யார், எதைப் பார்த்து அப்படியொரு திட்டம் போட்டார் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

நான் பொறியியலாளன் அல்ல. தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துவது என் தொழில். மாரி முடிந்து தை பிறந்ததும் என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதற்கேள்வி, எந்தப் பம் வாங்கலாம் என்பதுதான். எத்தனை குதிரைவலு, எத்தனை அங்குலக் குழாய், எந்த நாட்டுச் சாமான் என்று விசாரிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, ஒரு மணித்தியாலம் இறைத்தால் எவ்வளவு இறங்கும், இறங்கியது ஏற எவ்வளவு நேரம் எடுக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் பம் வாங்குவது, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் காசோலை எழுதுவது போன்றது.

இதே கேள்வியை ஒரு வளவுக்காக அல்லாமல் முழுக் குடாநாட்டுக்காகவும் கேட்டவர் சண்முகம் ஆறுமுகம். இறைப்பதைப் பற்றி எல்லோரும் யோசித்த காலத்தில், இறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்தவர். அவரைப் பற்றி எழுத ஒரு மிசின்காரனுக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

ஆறுமுகம் 1905இல் பிறந்தார். அவர் பிறந்த காலத்து யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் துலாவால் வந்தது. ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து இறைப்பார். ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். இன்னொருவர் வாய்க்காலோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். பங்குக் கிணறென்றால் இறைப்பு முறை வைத்து நடக்கும். இன்று உன் முறை, நாளை என் முறை. முறை தவறினால் வழக்கு வரை போகும். இவ்வளவு ஆளும் இவ்வளவு நேரமும் தேவைப்பட்டதால், ஒரு நாளில் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை இருந்தது. மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது.

அந்தக் காவல் ஏன் தேவை என்பதற்கு நிலத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த மழையில் ஒரு பகுதி செம்மண்ணுக்குள் இறங்கி அதன் கீழுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. சுற்றிலும் கடல் என்பதால் பாறைக்குள் கடல்நீரும் ஊறி நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் எடை கூடியது. ஆகவே நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி மேலேற இடம் கிடைக்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊறி வெளியேறுவதையும் பார்த்திருப்போம். உள்ளே போன மழை முழுவதும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதில் ஒரு பங்கு பாறை வழியே கடலுக்கே திரும்பிப் போகிறது.

இந்த மண்ணிலிருந்துதான் ஆறுமுகம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போனார். அங்கே பிரதிப் பணிப்பாளர் நிலை வரை உயர்ந்தார். அந்தத் திணைக்களம் குளங்களையும் அணைகளையும் கொண்டு வாழ்வது. இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களும், வன்னியின் பழைய குளங்களும், உடைந்த அணைக்கட்டுகளும் அவர் படித்த பாடப்புத்தகம். சொந்த ஊரில் அணை கட்ட ஆறு இல்லை. ஆனால் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் நீரேரிகள் இருந்தன. அவர் கண் அங்கே போனது.

நீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே அந்தப் பேச்சு இருந்தது. பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபர்களாக நீண்டகாலம் இருந்த டைக், துவைனம் ஆகியோரின் பெயர்களும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 1920களில் சட்டசபை உறுப்பினர் கே. பாலசிங்கம் இதற்காகக் குரல் கொடுத்தார். வடமராட்சி நீரேரி கடலோடு சேரும் தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டும் வேலை 1940களின் கடைசியில் தொடங்கி 1950களின் தொடக்கத்தில் முடிந்தது. அரியாலைப் பக்கம் உப்பாற்று நீரேரியின் வாயிலும் தடுப்பணை எழுந்தது.

தடுப்பணையின் வேலையை வீட்டுக் குழாயின் வால்வோடு ஒப்பிடலாம். மாரி வெள்ளம் வரும்போது கதவைத் திறந்தால் நீரேரியில் கிடக்கும் உப்பை வெள்ளம் கடலுக்குள் கழுவித் தள்ளும். மழை ஓயுமுன் கதவை மூடினால் பின்வந்த நன்னீர் உள்ளே நிற்கும், கடல் உள்ளே வராது. ஆண்டுதோறும் இப்படிச் செய்தால் நீரேரியின் உப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் ஒரு சிக்கல். குடாநாட்டுக்குள் பெய்யும் மழை மட்டும் அந்த நீரேரிகளைக் கழுவி நிரப்பப் போதாது. நிறைய நன்னீர் வேண்டும். அது எங்கே இருக்கிறது?

ஆறுமுகத்தின் விடை ஆனையிறவு. வன்னியின் கனகராயன் ஆறும், நெத்தலி ஆறு போன்ற சிற்றாறுகளும் மாரி வெள்ளத்தை ஆனையிறவு நீரேரிக்குள் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்த நீரேரிக்கு ஏறக்குறைய 940 சதுர கிலோமீற்றர் நிலத்தின் மழை வந்து சேர்கிறது. பிறகு கிழக்கே சுண்டிக்குளத்தாலும் மேற்கே ஆனையிறவுப் பாலங்களின் கீழாலும் கடலுக்குப் போய்விடுகிறது. வன்னி விவசாயி தன் குளத்தில் தேக்கியது போக மிஞ்சி ஓடும் தண்ணீர் இது. யாருடைய வயலிலிருந்தும் பிடுங்கப்படாத தண்ணீர்.

1954இல் அவர் முன்வைத்த திட்டம் சுருக்கமாக இதுதான். மேற்கே ஆனையிறவில் பாலவாய்களை அடைத்துக் கடல்நீர் வராமல் தடுப்பது. கிழக்கே சுண்டிக்குளத்தில் அணைக்கட்டும், மிஞ்சும் வெள்ளம் வழிந்தோட வான்கட்டும் கட்டுவது. இப்படி ஆனையிறவு நீரேரியை ஒரு நன்னீர்க் குளமாக்குவது. அங்கிருந்து முள்ளியான் வழியாகச் சுமார் 4 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குத் தண்ணீர் விடுவது. வடமராட்சி நீரேரி வல்லைப் பக்கத்தில் உப்பாற்று நீரேரியோடு சேர்கிறது. ஆக, வன்னி மழை முள்ளியானில் நுழைந்து தொண்டைமானாறு வரையும் அரியாலை வரையும் போய் நிற்கும். குடாநாட்டின் நடுவே ஒரு நன்னீர் நாடா. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அவர் பெயரிட்டது இதைத்தான்.

மிசின் திருத்துபவன் என்ற முறையில் இந்தத் திட்டத்தில் நான் வியப்பது ஒன்று. இதில் பம் இல்லை. ஒரு சொட்டு எரிபொருளும் தேவையில்லை. மாரியில் உயரும் ஆனையிறவு நீர்மட்டமே தண்ணீரை வாய்க்கால் வழியே தள்ளிவிடும். ஆறு ஓட எது போதுமோ அதுவே இதற்கும் போதும். நீரேரிகளில் நன்னீர் நின்றால் அவற்றின் இருகரையிலும் நிலத்தடி நன்னீர் உயரும், உப்பு கீழே தள்ளப்படும், கடலுக்கு ஓடும் கசிவும் குறையும். தோட்டக்காரன் வழக்கம்போலத் தன் கிணற்றிலேயே இறைக்கலாம். நீண்ட வாய்க்கால்களோ பெரிய இயந்திரங்களோ இல்லாமல், நிலத்தின் அடியாலேயே பாசனம்.

வேலை தொடங்கியது. சுண்டிக்குளத்து அணைக்கட்டு எழுந்தது. முள்ளியான் வாய்க்காலும் வெட்டப்பட்டு வந்தது. பின்னர் பணம் நின்றது, வாய்க்கால் முடியவில்லை. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்துக்கொண்டு போனது. உடைத்த இடம் கட்டப்படாமல் கிடந்தது. பராமரிப்பில்லாத தடுப்பணைக் கதவுகளால் கடல் மறுபடி உள்ளே வந்தது. முக்கால்வாசி இணைத்துவிட்டு நடுவில் ஒரு குழாய்த் துண்டைப் பூட்டாமல் விட்டதுபோல் ஆயிற்று. பூட்டாத துண்டு சிறியதுதான், ஆனால் அது இல்லாமல் ஒரு லீற்றர் தண்ணீரும் வராது.

நிரப்பும் வேலை இப்படி நின்ற அதே ஆண்டுகளில் இறைக்கும் வேலை வேகமெடுத்தது. 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின்கள் தோட்டம் தோட்டமாக வந்தன. துலாவுக்கு நாலு பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதும் என்றாயிற்று. மிசினுக்குக் களைப்பில்லை. 1970களில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி செய்யத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள், மோட்டார்சைக்கிள்கள் வந்தன. அந்த வாழ்வை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் தொழிலே அதிலிருந்து வந்தது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தில், கரையோரக் கிணறுகள் உவராகத் தொடங்கின. பசளையின் நைத்திரேற்றும் கிணற்றுக்குள் இறங்கியது. இறைப்பு பெருகும்போது நிரப்பும் வழி பெருகவில்லை என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது.

ஆறுமுகம் தன் திட்டம் நின்றதோடு நின்றுவிடவில்லை. இலங்கையின் நீர்வளங்களையும் அவற்றின் பயன்பாட்டையும் அபிவிருத்தியையும் பற்றிய அவருடைய ஆங்கில நூலை 1969இல் நீர்வள சபை வெளியிட்டது. நாட்டின் நீர்ப்பாசன வரலாற்றைத் தேடுபவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது. சிங்களப் பகுதியின் குளங்களையும் தமிழ்ப் பகுதியின் குளங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தவர் அவர். ஒரு குளத்தின் கொள்ளளவுக்கு இனம் தெரியாது.

பிற்காலத்தில் அவர் கை கோயில்களின் பக்கம் போனது. திருக்கேதீச்சரம் பற்றியும் இலங்கையின் பழைய இந்துக் கோயில்கள் பற்றியும் 1980 தொடக்கம் நூல்கள் எழுதினார். குளம் கட்டியவர் கோயிலுக்கு வந்ததில் அதிசயமில்லை. திருக்கேதீச்சரத்துக்குப் பாலாவி எப்படியோ, நம் பழைய கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குளம் அப்படி. கோயிலைத் தேடிப் போனால் தண்ணீரில்தான் கால் நனையும். 1997இல் இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றையும் வெளியிட்டார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. ஊர்கள் இடம்பெயர்ந்து, நூலகம் எரிந்து, ஆவணங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்து, நம்மவர் யார் யார் என்று பெயர் பெயராகச் சேர்த்து வைத்தார். அதுவும் ஒருவகை அணைக்கட்டுத்தான்.

இதற்குள் அவர் வரைந்த வரைபடம் போர்க்களமாகிவிட்டது. அவர் நன்னீர்க் குளமாக்க நினைத்த ஆனையிறவு, இராணுவத் தளமாக இருந்து 1991இல் பெருஞ்சமரைக் கண்டது. அந்தப் பாதை அடைபட்டபோது நாங்கள் கிளாலியில் இரவோடிரவாகப் படகேறினோம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் எழும்பியபோது கிணற்றடியில் மிசினை விட்டுவிட்டு வந்தோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் துளிக்கணக்கில் விற்றது, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. மிசினின் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு இழுத்து ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டக் கற்றுக்கொண்டோம். எண்ணெயே இல்லாத நாள்களில் பழைய துலாக்கள் மறுபடி நிமிர்ந்தன. துலாவை விறகாக்கிவிட்டவர்கள் வாளியால் அள்ளினார்கள்.

1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போன இரவு மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தில் நகர இடமில்லாமல் நின்றவர்கள் குடையை மலர்த்தித் திருப்பி அதில் விழுந்த மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இருபுறமும் தண்ணீர், குடிக்க முடியாத தண்ணீர். அந்த நீரேரிதான் நன்னீராக வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

ஆறுமுகம் 2000ஆம் ஆண்டு காலமானார். அதே ஆண்டு சித்திரையில் ஆனையிறவுத் தளம் விழுந்தது. 2009 தையில் மீண்டும் இராணுவத்திடம் போனது. யார் வந்தாலும் யார் போனாலும், மாரி வெள்ளம் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் அந்த வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போருக்குப் பின் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. திரும்பிப் போனவர்கள் முதலில் தேடியது வீட்டை அல்ல, கிணற்றை. சில கிணறுகள் மண்ணும் கல்லும் கொட்டி மூடப்பட்டிருந்தன. சில தூர்ந்து உவராகியிருந்தன. கிணறு இறைத்துத் துப்புரவாக்கிய பிறகு ஒவ்வொருவரும் பம் வாங்கப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னதையும் இப்போதும் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன். இது ஆறுமுகத்தின் திட்டத்தையே ஒரு வளவின் அளவுக்குச் சுருக்கியது.

முதலில் பிடிக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் நம் ஊர் மழை ஓராண்டில் ஒரு இலட்சத்துப் பதினாறாயிரம் லீற்றர் அளவில் விழுகிறது. வீணாவது போக 90,000 லீற்றராவது பீலியால் இறங்கும். மாரியின் முதல்மழையைக் கூரை கழுவ விட்டு வெளியேற்றி, பின்வருவதை வலை போட்டு வடித்துத் தாங்கிக்குள் விடலாம். 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 70 மில்லிமீற்றர் மழைக்குள் நிரம்பிவிடும். ஒரு பரப்பு மரக்கறித் தோட்டம் வெயிற்காலத்தில் நாளுக்கு 1,200 லீற்றருக்கு மேல் குடிக்கும். ஆகவே தாங்கி மட்டும் தோட்டத்தைக் கோடை கடத்தாது. மழைக்கு நடுவே வரும் வெயில் நாள்களையும், நாற்றுமேடையையும், வீட்டுப் பின்வளவின் கத்தரி, மிளகாய்க் கன்றுகளையும் அது காக்கும். தாங்கி நிரம்பி வழிவதைத் தெருவுக்கு விடாமல், கல்லும் மணலும் போட்ட குழிக்குள் இறக்கினால் அது கிணற்றுக்குப் போய்ச் சேரும். உங்கள் வளவின் ஆனையிறவு அந்தக் குழிதான்.

பிறகு பம். பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாகப் போட்டிருக்கும். ஒன்று எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பது, மற்றது எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஆகக்கூடிய உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய வராது, ஆகக்கூடிய தண்ணீர் வரும்போது உயரம் ஏறக்குறைய இல்லை. உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய்க்குச் சுமார் 10 மீற்றர் உயரத்துக்குரிய அழுத்தம் போதும். தூவல் முறைக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பின்வளவுக்கு அரைக் குதிரைவலு மோட்டர் தாராளம். பெரிய மோட்டர் வாங்கினால் தண்ணீர் கூடாது, மின்கட்டணம்தான் கூடும்.

நிலத்துக்கு மேலுள்ள தாங்கியிலிருந்து எடுப்பதென்றால் பம்மைத் தாங்கியின் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். தண்ணீர் தானாக வந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் ஊற்றி நிரப்பத் தேவையில்லை. தாங்கியின் வாயில் ஒரு வால்வு, அடுத்து வடி, அடுத்துப் பம், அதற்கப்பால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. இதுதான் ஒழுங்கு. தாங்கி காய்ந்தால் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிச்சையும், ஈரத்தில் கைபட்டால் உயிர்காக்கும் ட்ரிப் சுவிச்சையும், நில வயரையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிணற்றிலிருந்து எடுப்பதென்றால் வேறு சட்டம். மேலே வைத்த பம் காற்றழுத்தத்தின் உதவியால்தான் உறிஞ்சும். 6, 7 மீற்றருக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எந்தக் கம்பனியின் பம்மும் உறிஞ்சாது. பம்மைக் கிணற்றுக்குள் தட்டில் இறக்கி வைக்க வேண்டும். உறிஞ்சும் குழாய் வெளித்தள்ளும் குழாயைவிட ஒடுங்கியிருக்கக் கூடாது. மூட்டில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் காற்றிழுக்கும். புட்வால்வை அடியில் கிடத்தாமல் உயர்த்திக் கட்டுங்கள். சேறும் வராது, உப்பு முதலில் நிற்கும் ஆழத்திலிருந்தும் தண்ணீர் வராது. கிணறு ஒரு மணித்தியாலத்தில் ஊறுவது எவ்வளவோ அதற்கு மேல் இறைக்காத பம்தான் உங்கள் பம். நன்னீர் மேலே, உப்பு கீழே என்பதை மறந்து ஒரேயடியாக உறிஞ்சினால் உப்பை நீங்களே மேலே கூப்பிடுகிறீர்கள். விட்டு விட்டு, சிறிது சிறிதாக இறைப்பது கிணற்றுக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது.

இவையெல்லாம் தனிவளவுக்குள் செய்யக்கூடியவை. பக்கத்து வளவுக்காரர் எல்லையில்லாமல் இறைத்தால் என் குழி அவருக்கும் சேர்த்துத்தான் நிரப்பும். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. அதனால்தான் ஆறுமுகத்தின் அளவில் யோசிக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

அவருடைய திட்டத்தைப் பிறகு வந்த பொறியியலாளர்கள் திரும்பத் திரும்பக் கையிலெடுத்தார்கள். போருக்குப் பின் தொண்டைமானாற்றுத் தடுப்பணை திருத்தப்பட்டது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்குக் கொண்டுவரும் யோசனை வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் சிறுபோகம் போய்விடும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. முடிவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும். ஆனால் மின்சாரத்தைக் கொட்டிச் செய்த அந்தத் தண்ணீரை வெங்காயத்துக்குக் கட்ட எந்தத் தோட்டக்காரனாலும் முடியாது. தோட்டத்துக்கு மழையை விட்டால் வேறு வழி இல்லை.

ஆறுமுகம் திட்டத்துக்கும் மறுப்புகள் உண்டு. நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்கள், அது நன்னீரானால் தங்கள் தொழில் என்னாகும் என்று கேட்கிறார்கள். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம், வலசைப் பறவைகள் வரும் இடம். 1954இல் எழுதிய திட்டத்தை அப்படியே இன்று நட முடியாது. மீனவரையும் வன்னி விவசாயியையும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனையும் ஒரே மேசையில் இருத்தி, கதவை எப்போது திறப்பது, எவ்வளவு மூடுவது என்று பேசியாக வேண்டும். பங்குக் கிணற்றுக்கு இறைப்பு முறை வைத்து வாழ்ந்த சனம் நாம். அந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல.

திட்டம் நின்றதால் ஆறுமுகத்தின் வாழ்க்கை தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. குடாநாட்டில் தண்ணீர் இல்லை என்று எல்லோரும் சொன்னபோது, தண்ணீர் வந்து போகிறது, நிறுத்தி வைக்கத்தான் ஆளில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். அந்தக் கணக்கு இன்னும் பிழைக்கவில்லை. முள்ளியானில் வெட்டி முடியாத அந்த வாய்க்கால் நம் தலைமுறைக்குள் முடியுமோ தெரியாது. ஆனால் பீலி துப்புரவாக்குவதற்கும் வளவில் ஒரு குழி வெட்டுவதற்கும் எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. புரட்டாதிக்குள் அதைச் செய்து முடியுங்கள். பம் வாங்கத் தை வரை நேரம் இருக்கிறது.